உரலில் பிறக்கும் உணவு

நுழையும்முன்

ஒரு நாட்டை அறிய அதன் வரைபடம் மட்டும் போதாது. அதன் அடுக்களையையும் அறிதல் வேண்டும். நிலத்தில் என்ன விளைகிறது, மக்கள் எவரோடு உறவாடினர், எத்தகைய துன்பங்களைக் கடந்துவந்தனர் என்பனவற்றை உணவு சொல்லாமல் சொல்லும். ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடும்பங்களில் பழைய ஊரின் நினைவு நெடுங்காலம் தங்கியிருக்கும் இடமும் அடுக்களையே. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரிய நாட்டு இல்லங்களின் சமையலை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நிலமும் மக்களும்

ஆப்பிரிக்கக் கண்டத்தில் மக்கள்தொகை மிகுந்த நாடு நைஜீரியா. இருபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்கின்றனர். 1960ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் அந்நாடு ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. அதன் தலைநகரம் அபுஜா. மிகப் பெரிய நகரம் கடற்கரையில் அமைந்த லாகோஸ்.

வடமேற்கிலிருந்து வரும் நைஜர் ஆறும் கிழக்கிலிருந்து வரும் பெனுவே ஆறும் லொகோஜா என்னும் இடத்தில் கூடித் தெற்கு நோக்கிப் பாய்ந்து கினி வளைகுடாவில் கலக்கின்றன. நாட்டின் தெற்கே மழைக்காடுகளும் நடுவே புல்வெளிகளும் வடக்கே வறண்ட நிலமும் உள்ளன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே பேசப்படுகின்றன. வடக்கே ஹௌசா, ஃபுலானி மக்களும், தென்மேற்கே யொருபா மக்களும், தென்கிழக்கே இக்போ மக்களும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். எனவே, ‘நைஜீரிய உணவு’ என்று ஒரே உணவைச் சுட்டிக் காட்ட இயலாது. தெற்கே கிழங்கும், வடக்கே தானியமும் உணவின் அடிப்படையாக விளங்குகின்றன. ஆயினும், உண்ணும் முறையில் ஓர் ஒற்றுமை நாடு முழுவதும் காணப்படுகிறது.

உருண்டையும் குழம்பும்

கிழங்கையோ மாவையோ வேகவைத்துக் களியாகக் கிண்டியோ இடித்தோ ஒரு பெரிய உருண்டையாக ஆக்குவர். அதனுடன் கீரை, விதை, மீன், இறைச்சி முதலியன சேர்ந்த கெட்டியான குழம்பைப் பரிமாறுவர். உண்பவர் கையைக் கழுவிவிட்டு, வலக்கையால் களியில் சிறிது கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் நடுவே குழியாக்கி, அக்குழியில் குழம்பை ஏந்தி வாயிலிட்டு விழுங்குவர். மெல்லுவதில்லை. இதனால் இவ்வகை உணவுகள் அனைத்தையும் ‘விழுங்கு’ எனப் பொருள்படும் ‘சுவாலோ’ என்னும் ஆங்கிலச் சொல்லாலேயே நைஜீரியர் பொதுவாகக் குறிப்பிடுகின்றனர். கேழ்வரகுக் களியை உண்டு பழகியவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும்.

களி வயிற்றை நிறைக்கும்; உழைப்பதற்கு வேண்டிய ஆற்றலைத் தரும். ஆனால், கிழங்கில் புரதம் மிகக் குறைவு. அக்குறையை நிறைவு செய்வது குழம்பு. கீரை, விதைகள், பருப்பு, மீன் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறுகின்றன. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் இந்த அமைப்பு, பல தலைமுறைகளின் பட்டறிவால் உருவானது.

கிழங்குகளின் அரசன்

தென்பகுதி மக்கள் பெரிதும் போற்றும் பயிர் ‘யாம்’ எனப்படும் கிழங்கு. இந்தியாவில் சிலர் சேனைக்கிழங்கை அப்பெயரால் அழைப்பதுண்டு. அது வேறு, இது வேறு. நைஜீரிய யாம், நம் நாட்டுப் பெருவள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கொடியில் விளைவது. வெளியே மரப்பட்டை போன்ற தோலும் உள்ளே வெண்மையான சதையும் உடையது. ஒரே கிழங்கு பல கிலோ எடை இருப்பதுண்டு. உலகில் யாம் கிழங்கை மிகுதியாக விளைவிக்கும் நாடு நைஜீரியாவே.

மழைக்காலத் தொடக்கத்தில் மண்ணை மேடு மேடாகக் கூட்டி, அம்மேடுகளில் கிழங்குத் துண்டுகளை நடுவர். கொடி படர்வதற்குக் கோல் ஊன்றுவர். அறுவடை செய்த கிழங்குகளை நிழலும் காற்றும் உள்ள பந்தல்களில் வரிசையாகக் கட்டிவைப்பர். அவ்வாறு வைத்த கிழங்கு பல மாதங்கள் கெடாமலிருக்கும். முற்காலத்தில் ஒருவருடைய செல்வத்தை அவருடைய கிழங்குப் பந்தலைக் கொண்டே அளந்தனர்.

ஆகஸ்டு மாதத்தையொட்டி இக்போ மக்கள் ‘இரி ஜி’ என்னும் புதுக்கிழங்குத் திருவிழாவைக் கொண்டாடுகின்றனர். விழாவுக்கு முன்னர்ப் புதிய கிழங்கை எவரும் உண்ணலாகாது என்பது மரபு. ஊர்த் தலைவரோ மூத்தவரோ முதற்கிழங்கைத் தெய்வத்திற்கும் முன்னோர்க்கும் படைத்து, தாம் முதலில் உண்பார். அதன் பின்னரே ஊரார் உண்பர். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958ஆம் ஆண்டு வெளியிட்ட தம் முதல் நாவலில் இவ்விழாவை விரிவாக வருணித்துள்ளார். அந்நூல் வாயிலாக இவ்விழா உலகெங்கும் அறியப்பட்டது.

யாம் கிழங்கை உரித்து வேகவைத்து, சூடு ஆறும் முன்னரே உரலில் இட்டு உலக்கையால் இடிப்பர். கட்டி இல்லாமல் வழுவழுப்பாக வரும்வரை இடித்தல் வேண்டும். இந்த இடித்த களியை யொருபா மொழியில் ‘இயான்’ என்பர். இருவர் எதிரெதிரே நின்று மாறி மாறி உலக்கை போடுவதும் உண்டு. விருந்தினர் வந்துள்ள வீட்டை உரலின் ஓசையே ஊருக்கு அறிவித்துவிடும். இக்காலத்தில் நகரங்களில் இயந்திரங்களும் பொட்டல மாவும் வந்துவிட்டன. எனினும், திருமணம் போன்ற நாள்களில் உலக்கைக்கு இன்றும் வேலை உண்டு.

இதே கிழங்கைச் சீவி உலர்த்தி மாவாக்கினால், அம்மா வெந்நீரில் கரும்பழுப்பு நிறக் களியாகும். இதுவே ‘அமலா’. இபதான் நகரத்தார் அமலாவைப் பருப்புக் குழம்போடும், வழவழப்பான ‘எவேடு’ கீரைக் குழம்போடும் சேர்த்து உண்கின்றனர்.

நஞ்சு நீங்கும் வழி

மரவள்ளிக்கிழங்கு ஆப்பிரிக்காவுக்கு உரியதன்று. தென் அமெரிக்காவில் தோன்றிய அக்கிழங்கைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்தனர். இன்று உலகிலேயே மரவள்ளியை மிகுதியாக விளைவிக்கும் நாடும் நைஜீரியாவே. வளம் குன்றிய மண்ணிலும் அது விளையும், வறட்சியைத் தாங்கும், வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். ஆதலால் அஃது ஏழை எளியவரின் காவலாயிற்று.

ஆனால், இக்கிழங்கில் ஓர் இடர் மறைந்துள்ளது. கசப்பு வகை மரவள்ளியில் சயனைடு என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொருள் மிகுதியாக உள்ளது. முறையாகப் பக்குவம் செய்யாமல் உண்டால் உடலுக்குப் பெருந்தீங்கு நேரும், உயிரிழப்பும் நேரலாம். இந்த நஞ்சை நீக்கி உணவாக்கும் வழியே ‘கரி’ செய்யும் முறை. நிலக்கரியைக் குறிக்கும் நம் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘கரி’ என்பது மரவள்ளியிலிருந்து செய்யப்படும், ரவை போன்ற பொருள்.

முதலில் கிழங்கின் தோலை நீக்கிக் கழுவித் துருவுவர். துருவும்போது கிழங்கின் நுண்ணறைகள் உடைகின்றன. அதுவரை தனித்தனியே இருந்த நஞ்சுமூலப் பொருளும் அதனைச் சிதைக்கும் நொதியும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அப்போது வெளிப்படும் நஞ்சு காற்றிலும் நீரிலும் கலந்து நீங்கத் தொடங்குகிறது. துருவலைச் சாக்கில் கட்டி, மேலே கனமான கல்லோ மரமோ வைத்து அழுத்தி, இரண்டு மூன்று நாள்கள் விட்டுவைப்பர். சாறு வடியும், துருவல் புளிக்கும். பின்னர் அதனை உதிர்த்துச் சலித்து, அகன்ற வாணலியில் இட்டு விடாமல் கிளறி வறுப்பர். எஞ்சிய நஞ்சின் பெரும்பகுதியும் சூட்டில் ஆவியாகிவிடும். சிலர் வறுக்கும்போது செம்பனை எண்ணெய் சேர்ப்பர். அப்போது கரி மஞ்சள் நிறம் பெறும்.

துருவுதல், அழுத்துதல், புளிக்கவைத்தல், வறுத்தல் என்னும் இந்நான்கில் எதனையும் அவசரத்தால் குறைத்தல் கூடாது. வேதியியல் ஆய்வுக்கூடம் காணாத பெண்கள், தாய் மகளுக்குக் காட்டிக் காட்டிக் காத்துவந்த அறிவு இது.

கொதிநீரில் கரியைத் தூவி மூடிவைத்து, மரத்துடுப்பால் கிண்டினால் ‘ஏபா’ என்னும் களி சில நிமிடங்களில் அணியமாகும். குளிர்ந்த நீரில் கரியை ஊறவைத்து, சர்க்கரையும் வேர்க்கடலையும் சேர்த்து உண்பதும் உண்டு. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் பசி தீர்க்கும் எளிய உணவு அதுவே.

வடக்கின் தானியங்கள்

வடக்கே மழை குறைவு. அங்கே கம்பும் சோளமும் விளைகின்றன. இவற்றின் மாவிலோ குழைய வேகவைத்த அரிசியிலோ ஹௌசா மக்கள் செய்யும் களிக்கு ‘துவோ’ என்று பெயர். பெருக்க மரம் என்றும் ஆனைப்புளி என்றும் தமிழில் அழைக்கப்படும் பெரிய மரத்தின் இலையை உலர்த்திப் பொடியாக்கி, ‘மியான் குக்கா’ என்னும் குழம்பு வைப்பர். கோடையில் பசுங்கீரை கிடைக்காதபோதும் இப்பொடி கைகொடுக்கும்.

கம்பு மாவை இஞ்சி, கிராம்பு முதலியவற்றோடு பிசைந்து உருட்டி வேகவைத்து இடித்து, புளித்த பசும்பாலில் கரைத்தால் ‘ஃபுரா த நோனோ’ ஆகும். ஃபுலானிப் பெண்கள் சுரைக்குடுவைகளில் பாலைச் சுமந்து வந்து சந்தையில் இதனை விற்பர். கம்பு மாவையும் புளிக்கரைசலையும் கொண்டு ‘குனு’ என்னும் கஞ்சியும் காய்ச்சுவர்.

கம்பும் மோரும், கம்பும் புளியும் என்னும் சேர்க்கைகள் தமிழர்க்கு அயலானவை அல்ல. இவ்வொற்றுமைக்குப் பின்னே ஒரு நெடிய பயணம் உள்ளது. கம்பு ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்னரே மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலப்பகுதியில் பயிராக்கப்பட்டது. அங்கிருந்து பழங்காலத்திலேயே இந்தியாவை அடைந்தது. சோளம், கேழ்வரகு, தட்டைப்பயறு ஆகியனவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவையே. ‘இந்தியப் பேரீச்சை’ என்னும் பொருளில் அரேபியர் பெயரிட்ட புளிக்கும் தாயகம் ஆப்பிரிக்காதான். இப்பயணம் ஒருவழிப் பாதையன்று. சேப்பங்கிழங்கும் வாழையும் ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்றன. இக்போ மக்கள் கசப்புக்கீரைக் குழம்பைக் கெட்டியாக்கச் சேப்பங்கிழங்கையே அரைத்துச் சேர்க்கின்றனர். பழுத்த பெருவாழைக்காயைப் பொரித்து ‘தோதோ’ என்று விரும்பி உண்பவர் நாடெங்கும் உள்ளனர்.

குழம்பின் பொருள்கள்

நைஜீரியக் குழம்பின் செந்நிறத்திற்குக் காரணம் செம்பனை எண்ணெய். எண்ணெய்ப் பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அதன் பழங்களை வேகவைத்து இடித்துப் பிழிந்து எண்ணெய் எடுப்பர். வைட்டமின் ஏ சத்தாக உடலில் மாறும் கரோட்டின் அதில் மிகுந்துள்ளது. அதுவே செந்நிறத்தைத் தருகிறது. நம் கடைகளில் விற்கும் பாமாயிலும் இம்மரத்தின் எண்ணெயே. ஆலையில் தூய்மைப்படுத்தும்போது அது நிறத்தையும் கரோட்டினையும் இழந்துவிடுகிறது.

‘எகுசி’ என்பது தர்ப்பூசணியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் விதை. அப்பழத்தின் சதை கசக்கும். ஆதலால் அதனை உண்பதில்லை. எண்ணெயும் புரதமும் நிறைந்த விதைகளை மட்டும் உலர்த்தி உடைத்து அரைத்துக் குழம்பில் இடுவர். ‘ஒக்போனோ’ என்பது காட்டு மரம் ஒன்றின் விதை. அதன் பொடி குழம்பை வெண்டைக்காய்போல் வழவழப்பாக்கும். களி தொண்டையில் எளிதில் இறங்க இவ்வழவழப்பு உதவுகிறது. தென்கிழக்கில் வாழும் எஃபிக் மக்கள் இருவகைக் கீரைகளை மிகுதியாகச் சேர்த்துச் செய்யும் ‘எதிகாங் இகோங்’ விருந்துக் குழம்பாகும்.

குழம்புக்கு மணம் சேர்ப்பது ‘இரு’. ஹௌசா மொழியில் இதன் பெயர் ‘தவதவா’. காட்டு மரத்தின் நெற்று விதைகளைப் பல மணி நேரம் வேகவைத்து, தோல் நீக்கி, மூடிப் புளிக்கவைத்து இதனைச் செய்வர். புதியவர்க்கு அதன் நாற்றம் முகத்தைச் சுளிக்கவைக்கும். குழம்பில் வெந்தபின் அதுவே சுவைக்கு அடிப்படையாகும். பெருங்காயத்தை முதன்முதலில் முகர்ந்தவர் இதனை உணர்வர்.

உலர்ந்த சிற்றிறாலும் கருவாடும் தென்னாட்டுக் குழம்புகளில் தவறாது இடம்பெறும். இவற்றுள் நார்வே நாட்டிலிருந்து வரும் உப்பிடாத கருவாட்டுக்கு இக்போ மக்களிடையே தனி மதிப்பு உண்டு. 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தென்கிழக்குப் பகுதி முற்றுகைக்கு உள்ளாயிற்று. பஞ்சத்தால் எண்ணற்ற குழந்தைகள் மடிந்தனர். அப்போது வெளிநாட்டு அறநிறுவனங்கள் அனுப்பிய உணவுப் பொருள்களுள் இக்கருவாடும் ஒன்று. இன்று விருந்தில் மணக்கும் அதே பொருள், முதியோர் சிலர்க்குப் பசியின் நினைவாகவும் உள்ளது.

கடல் கடந்த அக்கரா

நைஜீரியக் காலைச் சிற்றுண்டிகளுள் புகழ்பெற்றது ‘அக்கரா’. தட்டைப்பயற்றை ஊறவைத்து, தேய்த்துத் தோல் நீக்கி, மிளகாயும் வெங்காயமும் சேர்த்து அரைப்பர். மாவில் காற்று ஏறும்படி நன்கு அடித்து, எண்ணெயில் உருண்டை உருண்டையாகப் பொரித்தெடுப்பர். ‘ஓகி’ எனப்படும் புளித்த மக்காச்சோளக் கூழோடு அதனை உண்பர். அதே மாவை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்தால் ‘மொயின் மொயின்’ ஆகும்.

பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர் அடிமைகளாக அட்லாண்டிக் கடல் கடத்திச் செல்லப்பட்டனர். அவர்களுள் யொருபா மக்கள் பலர் பிரேசில் நாட்டின் பாயியா பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உடைமை எதனையும் அவர்கள் எடுத்துச் செல்லவில்லை. எடுத்துச் செல்ல விடப்படவுமில்லை. ஆனால், அக்கரா செய்யும் முறை அவர்கள் நினைவில் இருந்தது. பாயியாவின் தெருக்களில் அடிமைப் பெண்கள் அதனைப் பொரித்து விற்றனர். வருவாயில் பெரும்பகுதியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, எஞ்சிய காசைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்ற பெண்களும் இருந்தனர்.

1888ஆம் ஆண்டு பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது. இன்றும் வெண்ணிற ஆடை உடுத்த பெண்கள் அங்கே செம்பனை எண்ணெயில் அதனைப் பொரித்து விற்கின்றனர். அதன் பெயர் ‘அக்கராஜே’. யொருபா மொழியில் ‘ஜே’ என்றால் ‘உண்’ என்று பொருள். 2005ஆம் ஆண்டு பிரேசில் அரசு இப்பெண்களின் தொழிலைத் தன் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது.

விடுதலை பெற்றோர் சிலர் லாகோசுக்குத் திரும்பி வந்தனர். அவர்கள் வழிவந்த குடும்பங்கள் புனித வெள்ளியன்று, தேங்காய்ப்பாலில் பயற்றை வேகவைத்து ‘ஃப்ரெஜோன்’ என்னும் உணவைச் செய்கின்றனர். பயற்றைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். ஒரு சொல் யொருபா நாட்டிலிருந்து சென்றது. மற்றொரு சொல் பிரேசிலிலிருந்து வந்தது. இரண்டையும் காத்தது அடுக்களை.

விருந்தும் மொழியும்

விழாக்களில் தவறாது இடம்பெறுவது ‘ஜொலோஃப்’ சோறு. செனகல் பகுதி வொலோஃப் மக்களின் பெயரால் அமைந்தது இது. தக்காளி, குடைமிளகாய், காரமிளகாய், வெங்காயம் ஆகியவற்றை அரைத்து எண்ணெயில் வதக்கி, அதில் அரிசியை வேகவைப்பர். ஆங்கிலேயர் வழியாகச் சென்ற ‘கறித்தூளும்’ அதில் இடம்பெறும். விறகடுப்பில் பெரிய பானையில் சமைக்கும்போது அடிப்பிடித்து ஏறும் புகைமணத்தைக் குறையாகக் கருதாமல் சிறப்பாகவே போற்றுகின்றனர்.

இக்போ இல்லத்திற்கு விருந்தினர் வந்தால், முதலில் கோலாக் கொட்டையை வைத்து வரவேற்பர். மூத்தவர் ஒருவர் அதனைக் கையில் ஏந்தி வாழ்த்துரைத்த பின்னரே பிளந்து பகிர்வர். கோலாவுக்கு இக்போ மொழியன்றி வேறு மொழி புரியாது என்பது அவர்களிடையே வழங்கும் கூற்று. எனவே, ஆங்கிலம் கற்றுப் பெருநகரங்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்வோரும் கோலா உடைக்கும்போது தாய்மொழியிலேயே வாழ்த்துகின்றனர். அதற்காகவேனும் அச்சொற்களை இளையோர் கற்கவேண்டியுள்ளது.

உணவு கெடாமலிருக்க உலர்த்துகிறோம், புளிக்கவைக்கிறோம். உணவின் பெயரும் செய்முறையும் கெடாமலிருக்க அவற்றைச் சொல்லிச் சொல்லிச் சமைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சொல்லும் பொருளும்

அடுக்களை - சமையலறை
பட்டறிவு - அனுபவ அறிவு
நொதி - வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் உயிர்ப்பொருள்
நெற்று - முற்றி உலர்ந்த காய்
அணியமாதல் - ஆயத்தமாதல்
முற்றுகை - சூழ்ந்து வளைத்தல்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.
1. யாம் கிழங்கை இடித்துச் செய்யும் களி
(ஏபா, இயான், துவோ, ஓகி)
2. மரவள்ளிக்கிழங்கின் தாயகம்
(ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா)

ஆ. குறுவினா
1. ‘சுவாலோ’ என்னும் பெயர் வழங்கக் காரணம் யாது?
2. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்த பயிர்கள் இரண்டனைக் குறிப்பிடுக.
3. கோலாக் கொட்டையைப் பிளக்கும் முன் செய்வது யாது?

இ. சிறுவினா
1. மரவள்ளியின் நஞ்சு நீங்கும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
2. களியின் குறையைக் குழம்பு எவ்வாறு நிறைவு செய்கிறது?

ஈ. நெடுவினா
‘இரண்டையும் காத்தது அடுக்களை’ - இத்தொடரைப் பாடக் கருத்துகளைக்கொண்டு விளக்குக.

உ. கற்பவை கற்றபின்
உங்கள் வீட்டில் செய்யப்படும் ஓர் உணவைத் தேர்ந்தெடுங்கள். அதன் செய்முறையை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அவர் கூறும் சொற்களிலேயே எழுதுங்கள். அவற்றுள் உங்களுக்குப் புதியனவாக உள்ள சொற்களை அடிக்கோடிட்டுப் பொருள் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுங்கள்.